இடது கதவில் விழுந்த அடி: வேலூரில் நான் நடத்திய இழப்பீட்டு வழக்கு

காட்பாடி–சித்தூர் சாலையில் சிக்னல் இல்லாத ஒரு கூட்டுச்சாலை. கிளைச்சாலையிலிருந்து நிற்காமல் ஏறிய சரக்கு வேன் எங்கள் காரின் இடப்பக்கத்தில் மோதியது. ஓட்டியவர் என் தம்பி. நான் இடது பின்னிருக்கையில் இருந்தேன். நேருக்கு நேர் மோதினால் அடியை வாங்கிக்கொள்ள முன்பகுதி இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு கதவுதான். எனக்கு இடுப்பெலும்பும் காறை எலும்பும் முறிந்தன.

தம்பியும் வேகமாக வந்தார், பாதித் தவறு அவருடையது என்றது வேனின் இன்சூரன்ஸ் கம்பெனி. எங்கள் வக்கீல் அசரவில்லை. பிரதான சாலையில் போகும் வண்டிக்குக் கிளைச்சாலையிலிருந்து வருபவர் வழிவிட வேண்டும் என்பது விதி. அதைவிடப் பெரிய விஷயம், நான் வெறும் பயணி. இரு ஓட்டுநர்கள் மேலும் தவறு இருந்தாலும் பயணி முழு இழப்பீட்டையும் ஒரு தரப்பிடமே கேட்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தம்பி மேலேயே வழக்குப் போடப் போகிறாளாம் என்று சொந்தத்தில் கிளம்பிய பேச்சும் அதோடு அடங்கியது.

கைகொடுத்தவை இரண்டு காகிதங்கள்: போலீஸ் வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை. கார் கூட்டுச்சாலையைப் பாதி கடந்த பிறகே மோதல் நடந்தது என்பதை வரைபடமும், காரின் இடது பின்கதவு உள்ளே அமுங்கியதையும் வேனின் முன்பக்கம் நசுங்கியதையும் அறிக்கையும் காட்டின. சாட்சிகள் தடுமாறலாம், தகடு தடுமாறாது.

விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் உண்டு; அவற்றை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். நாங்கள் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் தாக்கல் செய்தோம். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், நாம் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம்.

படாத பாடு பட்டது வருமானத்தை நிரூபிக்கத்தான். வீட்டிலிருந்து தைப்பவளுக்குச் சம்பளச் சீட்டு ஏது? ஜாக்கெட் அளவுகளும் வாங்கிய முன்பணமும் எழுதிவைத்த நோட்டுகளைக் கொடுத்தேன். பக்கமெல்லாம் சாக்கட்டிக் கறை. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "மிஷினுக்கு மோட்டார் பொருத்திக்கொள்ளலாமே அம்மா?" என்றார். "மோட்டார் மிதிக்கும் ஐயா, உட்காருவது யார்?" என்றேன். நீதிபதி பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

மருத்துவக் குழு கொடுத்த ஊனச் சதவீதம் வேறு, வருமான இழப்புச் சதவீதம் வேறு. 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு இதைத்தான் விளக்குகிறது. எனக்குக் குழு சொன்னது 30. விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரித்த தீர்ப்பாயம் ஏற்ற வருமான இழப்பு 20. மாத வருமானம் 12,000 என்று வைத்து, சுயதொழில் செய்யும் 43 வயதுக்காரி என்பதால் எதிர்கால உயர்வாக 25 சதவீதம் சேர்த்து 15,000 ஆக்கினார்கள். வயதுக்கான பெருக்கல் எண், அதாவது ஓராண்டு இழப்பை எத்தனையால் பெருக்குவது என்பது, 14. ஆக, ஓராண்டு வருமானத்தில் 20 சதவீதத்தை 14ஆல் பெருக்க, வருமான இழப்பு மட்டும் 5,04,000 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, உதவியாளர் செலவு எல்லாம் தனி. செலவுக்கு ரசீது இல்லாத இடங்களில் கேட்டதில் பாதிகூட வரவில்லை.

நடுவில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே முடித்தால் மேல்முறையீடு கிடையாது. அவர்கள் சொன்ன தொகை ஆஸ்பத்திரிக் கடனுக்கே போதாது, அதனால் மறுத்தேன். கடைசியில் 7.5 சதவீத வட்டியோடு தீர்ப்பானது. ஒரு பகுதியை வங்கி வைப்பில் போடச் சொல்லிவிட்டார்கள். கைக்கு வந்ததில் முதலில் தம்பியிடம் வாங்கிய கடனை அடைத்தேன்.