எண் கையில் இருந்தது, தரவு திறக்கவில்லை: டிஓஐ பதிவில் நான் பட்ட பாடு

மதிப்பாய்வாளர் எழுதியிருந்த முதல் வரியே இதுதான்: "ஆசிரியர்கள் கொடுத்துள்ள டிஓஐ எண் திறக்கவில்லை. தரவைப் பார்க்காமல் இக்கட்டுரையை மதிப்பிட இயலாது." டிஓஐ (DOI) என்பது இணையத்தில் உள்ள கட்டுரைக்கோ தரவுக்கோ தரப்படும் நிலையான அடையாள எண். இணைப்பு அறுந்துபோகக் கூடாது என்பதற்காகவே இந்த முறை அதை நாடிய எனக்கு அந்த வரி மிகுந்த வேதனை அளித்தது.

முந்தைய கட்டுரையில் மண் ஈரப்பத அளவீடுகளை எங்கள் துறையின் இணையதளத்தில் வைத்துவிட்டு, அந்த முகவரியையே அச்சிட்டிருந்தேன். பிறகு தளத்தைப் புதுப்பித்தார்கள். கோப்புறைப் பெயர்கள் அனைத்தும் மாறின. தரவைக் கேட்டு ஓர் ஆய்வாளர் மின்னஞ்சல் அனுப்பிய நாளில்தான் அந்த முகவரி செயலிழந்தது எனக்கே தெரியவந்தது. டிஓஐ எண்ணில் இந்த ஆபத்து குறைவு. எண் அப்படியே இருக்கும். கோப்பு இடம் மாறினால், தரவைச் சேமித்து வெளியிடும் களஞ்சியம் புதிய முகவரியைப் பதிவில் மாற்றிவிடும். அந்தப் பொறுப்பைச் செய்வதற்கு ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதே இந்த எண்ணின் மதிப்பு.

புதிய கட்டுரையின் தரவுக் கோப்புகளைக் களஞ்சியத்தில் ஏற்றுவதும் விவரங்களை நிரப்புவதும் ஒரு பிற்பகலில் முடிந்தன. இணை ஆசிரியர் ஒருவருக்கு ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) எண்கள் இரண்டு இருந்ததால் மட்டும் ஒரு வாரம் தாமதமாயிற்று. பழைய நிறுவன மின்னஞ்சலில் ஒன்றும் சொந்த மின்னஞ்சலில் ஒன்றுமாக அவர் பதிந்திருந்தார். இரண்டாவதை நகல் என்று அறிவித்து முதன்மைக் கணக்கோடு இணைத்துவிட முடியும். ஆனால் அதைத் தரவைப் பதிவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

எண் ஏன் திறக்கவில்லை என்பதற்கு வருகிறேன். கட்டுரையில் சேர்ப்பதற்காக எண்ணை முன்கூட்டியே ஒதுக்கித் தரும் வசதி பல களஞ்சியங்களில் உண்டு. நான் அதைப் பயன்படுத்தி, ஒதுக்கிய எண்ணைக் கட்டுரையில் எழுதி அனுப்பிவிட்டேன். ஒதுக்குவது வேறு, பதிவது வேறு. "வெளியிடு" பொத்தானை அழுத்தும்வரை அந்த எண் உலகுக்குத் தெரியாது. அதைச் சொடுக்கும் எவருக்கும் அப்படியோர் எண் இல்லை என்ற பதிலே கிடைக்கும். இதனால் கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டு மூன்று வாரங்கள் வீணாயின. மதிப்பாய்வாளர்கள் மட்டும் திறக்கக்கூடிய தனி இணைப்பு ஒன்றையும் அதே களஞ்சியம் தருகிறது. அதை ஆய்விதழுக்கு எழுதும் முகப்புக் கடிதத்தில் சேர்த்திருந்தால் இந்தத் தாமதமே நேர்ந்திருக்காது.

பதற்றத்தில் உடனே வெளியிட்டேன். இரண்டு நாள் கழித்து, ஒரு கருவியின் கோப்பில் மட்டும் நேரம் உள்ளூர் நேரத்தில் பதிவாகியிருந்ததையும் மற்றவை அனைத்தும் உலகப் பொது நேரத்தில் இருந்ததையும் கண்டேன். கோப்பை மாற்றித் தருமாறு களஞ்சியத்துக்கு எழுதினேன், மறுத்தார்கள். பதிவையே நீக்கிவிடுமாறு கேட்டேன், அதற்கும் மறுத்தார்கள். அன்று கடும் கோபம் வந்தது. டிஓஐ எண்களைப் பதியும் நிறுவனங்களில் ஒன்றான டேட்டாசைட் (DataCite) வழியாகப் பதியும் எண்களில் வரைவு நிலையில் உள்ளவற்றை மட்டுமே அழிக்க முடியும். பதிந்தபின் தரவை விலக்கிக்கொண்டாலும், அங்கே என்ன இருந்தது, ஏன் விலக்கப்பட்டது என்று சொல்லும் பக்கம் ஒன்று அதே எண்ணில் நிற்க வேண்டும். எவராவது அதற்குள் அந்தக் கோப்பை எடுத்துக் கணக்கிட்டிருந்தால், அவர் கையாண்டது எது என்பதற்கு ஆதாரம் வேண்டுமல்லவா? யோசித்துப் பார்த்தபோது அவர்களுடைய மறுப்பு சரியென்றே பட்டது. திருத்திய கோப்போடு இரண்டாம் பதிப்பை வெளியிட்டு, என்ன மாறியது என்பதை விவரணையின் முதல் பத்தியிலேயே எழுதினேன்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இப்போது என்னிடம் மூன்று எண்கள்: முதல் பதிப்புக்கு ஒன்று, இரண்டாம் பதிப்புக்கு ஒன்று, எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவாக ஒன்று. பொது எண் எப்போதும் கடைசிப் பதிப்புக்கே கொண்டுபோகும். வசதியாக இருக்கிறதே என்று அதையே முதலில் கட்டுரையில் இட்டேன். அடுத்த ஆண்டின் அளவீடுகளைச் சேர்த்து மூன்றாம் பதிப்பு வெளியிடும்போது, என் கட்டுரையிலிருந்து செல்லும் வாசகருக்கு நான் பயன்படுத்தாத தரவு கிடைக்கும்; என் அட்டவணையில் உள்ள எண்ணிக்கைகள் அவருக்கு வரமாட்டா. ஆய்வு முடிவுக்கு ஆதாரமாகக் காட்டுவது குறிப்பிட்ட பதிப்பின் எண்ணாகத்தான் இருக்க வேண்டும். தொகுப்பைப் பொதுவாகச் சுட்டும் இடத்தில் மட்டும் பொது எண்ணைக் கொடுக்கலாம்.

கட்டுரை ஏற்கப்பட்டு மெய்ப்பு வந்தபோது, ஆய்விதழினர் தரவு மேற்கோளை நூற்பட்டியலிலிருந்து எடுத்து, தரவு கிடைக்குமிடம் என்ற பகுதிக்குள் வெறும் எண்ணாகத் தள்ளியிருந்தார்கள். அந்த எண்ணும் வரி உடையும் இடத்தில் ஓர் இணைப்புக்கோட்டைப் பெற்று வேறொரு எண்ணாகிவிட்டிருந்தது. "எங்கள் தேடலில் இந்த எண் கிடைக்கவில்லை" என்பது அவர்கள் தந்த விளக்கம். டிஓஐ பதியும் மற்றொரு நிறுவனமான கிராஸ்ரெஃபில் (Crossref) மட்டும் அவர்கள் தேடியிருக்கிறார்கள். ஆய்விதழ்க் கட்டுரைகளின் எண்கள் பெரும்பாலும் அங்கே பதியப்படுகின்றன. தரவுக் களஞ்சியங்கள் பெரும்பாலும் டேட்டாசைட்டில் பதிகின்றன. மூன்று மின்னஞ்சல்கள் எழுதினேன். தரவைக் கட்டுரைக்கு நிகரான ஆய்வுப் படைப்பாகக் கருதி மேற்கோள் காட்ட வேண்டும் என்று கூறும் 2014ஆம் ஆண்டின் தரவு மேற்கோள் கோட்பாடுகளின் கூட்டு அறிவிப்பையும் சுட்டிக்காட்டினேன். மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பிறகு ஆசிரியர்கள், ஆண்டு, தலைப்பு, பதிப்பு, களஞ்சியம், முழு இணைய முகவரி வடிவில் டிஓஐ எண் என முழுமையான மேற்கோளாக அது நூற்பட்டியலுக்குத் திரும்பியது. விடாமல் வாதாடியதற்கு வருத்தமில்லை: நூற்பட்டியலில் இல்லாத தரவு, மேற்கோள் கணக்கில் பெரும்பாலும் சேர்வதே இல்லை. உங்களுக்கு மெய்ப்பு வந்தால் எண்ணைக் கண்ணால் ஒப்பிடாதீர்கள். மெய்ப்புக் கோப்பிலிருந்தே சொடுக்கிப் பாருங்கள்.

கட்டுரை வெளியானதும் களஞ்சியத்துக்குத் திரும்பிச் சென்று அதன் எண்ணைத் தரவின் விவரங்களில் சேர்த்தேன். விவரங்களை மட்டும் திருத்தப் புதிய பதிப்பு தேவையில்லை. உறவின் திசையை முதலில் தலைகீழாக இட்டுவிட்டேன். தரவு கட்டுரைக்குத் துணை என்பதற்குப் பதிலாக, கட்டுரை தரவுக்குத் துணை என்று பதிவாகியிருந்தது. மறுநாள் கண்டு சரிசெய்தேன். சில வாரங்களில் தரவின் பக்கத்தில் மேற்கோள் ஒன்று என்று காட்டியபோது மனம் நிறைந்தது.

பழைய ஈரப்பத அளவீடுகளையும் இப்போது அதே களஞ்சியத்தில் பதிந்து, அன்று கேட்டு எழுதிய ஆய்வாளருக்கு எண்ணை அனுப்பிவிட்டேன். முந்தைய கட்டுரையில் அந்த எண்ணைச் சேர்க்கத் திருத்தக் குறிப்பு வெளியிடுமாறு பழைய ஆய்விதழுக்கு எழுதியிருக்கிறேன்; பதில் இன்னும் வரவில்லை.