மார்கழியில் இறங்காத ஐடிலிங்

டிசம்பர் 19, 2024, வியாழன்

நைனாவை இன்றைக்கும் ஐசியு கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். நாளையிலிருந்து லோடுக்கு நான் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆம்னி வேன் சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தாள்.

டிசம்பர் 20, வெள்ளி

மூன்றரைக்கு எழுந்தேன். இலவம்பாடியில் ஆறு மூட்டை முள்ளு கத்தரி. சாக்கைத் தாண்டிக் காம்பு முள் தோளில் குத்துகிறது. நைனா எப்போதும் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொள்வது இதற்குத்தான் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

ஹைவேயில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. வேலூர் நேதாஜி மார்க்கெட் வந்து காலை எடுத்தால் இன்ஜின் அடங்கவில்லை, ஐடிலிங் (சும்மா நிற்கும்போது சுற்றும் வேகம்) இறங்கவில்லை. நியூட்ரலில் நிற்கிறது, ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, ஆனால் யாரோ மிதித்துப் பிடித்திருப்பதுபோல் கத்துகிறது. ஆம்னியில் இன்ஜின் சீட்டுக்கு அடியிலேயே. அந்த அதிர்வு தொடை வழியாக ஏறி வயிற்றில் உட்கார்ந்துகொள்கிறது. லோடு இறக்க வந்தவர், "இன்னாபா, வண்டி கோவமா கீது?" என்றார்.

டிசம்பர் 21, சனி

வண்டியைச் சுத்தம் செய்தேன். பழைய பில், சணல் கயிறு, இரண்டு பக்கமும் கம்பி கோத்த அழுக்கு அட்டை ஒன்று, காலி ஆயில் டப்பா. எல்லாம் குப்பைக்கு.

டிசம்பர் 22, ஞாயிறு

இரண்டு நிமிஷம்தான் உள்ளே விட்டார்கள். கழுத்தில் டியூப். காதோரம் போய், "லோடு நான் எடுத்துக்குறேன் நைனா" என்றேன். கேட்டதா தெரியவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

சத்துவாச்சாரியில் ஒரு ஷெட். மதியம் பன்னிரண்டு மணி. ஸ்கேனர் போட்டுப் பார்த்தார். ஆர்பிஎம் 900, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் 84 டிகிரி. "வண்டி நல்லாத்தான் கீதுணா" என்றார். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. சத்தியமாகக் காலையில் கத்தியது என்று நான் சொல்லச் சொல்ல, அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 25, புதன்

வலது கை விரல் அசைந்தது. அம்மாதான் பார்த்தாள்.

டிசம்பர் 26, வியாழன்

காலையில் மறுபடி கத்தல். கிரீன் சர்க்கிளில் முதல் கியரில் கிளட்சை விட்டதும் தானாகவே முன்னால் தாவுகிறது. பிரேக்கில் காலை அழுத்தியே நிற்க வேண்டியிருக்கிறது. முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் நின்றிருந்தது. வீட்டுக்கு வந்தும் கை நடுங்கியது.

ஆக்சிலரேட்டர் கேபிளைப் பார்த்தேன். போதுமான தொய்வு இருக்கிறது. இன்ஜினுக்குக் காற்று விடும் திராட்டில் தகடு முழுசாக மூடுகிறது. செக் லைட் எரியவில்லை. பேட்டரி டெர்மினலைக் கழற்றி அரை மணி நேரம் விட்டு மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

திராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவினேன். உள்ளே தகட்டின் விளிம்பில் கருப்புப் பசைபோல் கார்பன். ஸ்பிரே அடித்துப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். மாட்டி ஸ்டார்ட் செய்தால் முன்னைவிட மோசம்!

இரவு முழுக்க யோசித்தேன். அழுக்கு அடைத்திருந்த காலத்தில், காற்று குறைகிறதே என்று இசிஎம் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) ஐடிலிங்குக்குக் காற்று விடும் ஐடில் வால்வைக் கூடுதலாகத் திறந்து பழகியிருக்கும். அழுக்குப் போனதும் வழி அகன்றுவிட்டது, வால்வு இன்னும் பழைய பழக்கத்தில் திறந்து நிற்கிறது. ரெண்டு மூன்று நாள் ஓடினால் தானே சரிப்படுத்திக்கொள்ளும். சுத்தம் செய்தது தப்பில்லை. இதை எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

இன்னொரு ஷெட். இதுவும் மதியம்தான், காலையில் எவரும் திறப்பதில்லை. சத்தம்கூடக் கேட்காமல், "ஐஎஸ்சி வால்வ் போச்சு, மாத்திடலாம். அதுக்கும் சரியாகலனா இசிஎம்" என்றார். ஐஎஸ்சி என்றால் அந்த ஐடில் வால்வுதான். சொன்ன தொகை எங்கள் இரண்டு வார லோடு வருமானம். நோயைப் பார்க்காமல் மருந்து எழுதுகிறவரிடம் வண்டியை விட மனம் வரவில்லை. ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டு இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

டிசம்பர் 31, செவ்வாய்

சீட்டைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு ஹோஸாக விரலால் தடவினேன். திராட்டிலைத் தாண்டிய பிறகு எங்கே ஓட்டை இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், ரேஸ் ஏறும். பிரேக் பூஸ்டருக்குப் போகிற ஹோஸை இடுக்கியால் மெல்லப் பிடித்தேன், சத்தம் மாறவில்லை. மேனிஃபோல்டு காஸ்கட் ஓரம் சோப்புத் தண்ணீர் விட்டேன், ஒன்றும் இல்லை. இன்ஜின் ஆவியைத் திரும்ப உள்ளே இழுக்கும் பிசிவி ஹோஸை வளைத்தபோது கிடைத்தது: அடிப்பக்கம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெடிப்பு. விரலால் அதை மூடியதும் இன்ஜின் ஒரு படி இறங்கியது!

புது ஹோஸ் போட்டேன். சின்னச் சாமான், பெரிய சந்தோஷம். அம்மாவிடம் போய் "கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன். நைனாவுக்கு என்னவோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்து அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

ஜனவரி 1, 2025, புதன்

குறைந்திருக்கிறது. போகவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

லோடு முடிந்து, ஆஸ்பத்திரி இருக்கும் ஐடா ஸ்கடர் ரோட்டுப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடி முக்கால் மணி நேரம் ஊர்ந்தேன். இடம் கிடைத்து நின்றபோது கவனித்தேன்: கத்தல் இல்லை. பூனைபோல் நிற்கிறது.

ஐசியு வாசலில் உட்கார்ந்து இந்தக் குறிப்பை முதலிலிருந்து படித்தேன். கத்தியதெல்லாம் விடியற்காலை, ஹைவேயிலிருந்து இறங்கியதும். அடங்கியதெல்லாம் மதியம், டிராபிக்கில் நின்று ஊர்ந்த பிறகு. ஷெட்டுக்காரர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த நேரத்தில் வண்டிக்கு நோயே இல்லை.

குளிர்ந்த இன்ஜினுக்குக் கொஞ்ச நேரம் ஐடிலிங் கூடத்தான் இருக்கும், அது முறை. சூடேறியதும் இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால், இன்னும் குளிராகவே இருக்கிறது என்று இசிஎம் நம்புகிறது. அந்தச் செய்தியைச் சொல்வது கூலன்ட் சென்சார். சென்சார்தான் பொய் சொல்கிறது. அதேதான்.

மைலேஜும் பத்துக்கு வந்துவிட்டது. பதின்மூன்று வரும் என்று நைனா சொல்வார்.

ஜனவரி 5, ஞாயிறு

அடுப்படியில் பரிசோதனை. அக்கா மகனிடம் தெர்மாமீட்டர் வாங்கினேன். சென்சாரைக் கழற்றி, அம்மாவின் பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, மல்டிமீட்டரில் பார்த்தேன். 40 டிகிரியில் 1.1 கிலோ ஓம். 60ல் 0.6. 80ல் 0.3. சூடு ஏற ஏறத் தடை இறங்குகிறது, ஒரு இடத்திலும் தாவவில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும்.

சென்சார் நன்றாக இருக்கிறது.

இதைவிட நொந்த நாள் இல்லை. கெட்டுப்போயிருந்தால் மாற்றியிருக்கலாமே. "பால் பாத்திரத்துல இரும்பப் போட்டுட்டியே" என்று அம்மா புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரியில் வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது. ஆர்சி புதுப்பிக்கக் காட்ட வேண்டும். இப்படிக் கத்துகிற வண்டியை எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது?

ஜனவரி 6, திங்கள்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். டியூப் இருக்கிறது, பேச்சு வராது. நர்ஸம்மா ஒரு சிலேட்டு கொடுத்தார். முதல் வார்த்தை "தண்ணி". எழுத்து கோணலாக, சின்னப் பிள்ளை எழுதியதுபோல. நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 8, புதன்

போன் 18 டிகிரி காட்டியது. ஹைவேயில் பனி, எதிர் வண்டியின் விளக்கு மட்டும் மஞ்சளாகக் கரைந்து வந்தது.

மார்க்கெட் வாசலில் நிறுத்தியதும் இன்ஜினை அணைத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, சென்சார் கப்ளரைப் பிடுங்கி மீட்டரை வைத்தேன். 0.65. என் அடுப்படிக் கணக்குப்படி 57, 58 டிகிரிதான். இருபது கிலோமீட்டர் லோடோடு ஓடிவந்த இன்ஜின்!

மேல் ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டேன். வெதுவெதுப்பு, குழந்தைக்கு ஊற்றும் வெந்நீர் அளவுக்கு.

சென்சார் பொய் சொல்லவில்லை. இசிஎம் ஏமாறவில்லை. இன்ஜின் நிஜமாகவே குளிர்ந்துதான் இருக்கிறது. மூன்று வாரமாக, உண்மை சொல்கிறவர்களை எல்லாம் சந்தேகப்பட்டிருக்கிறேன். டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் எப்போதும் கீழேயே படுத்திருக்கும். அதை நல்ல சகுனம் என்று நினைத்திருந்தேனே.

ஜனவரி 9, வியாழன்

மாலை, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைச் சூட்டுக்கேற்ப அடைத்துத் திறக்கும் தெர்மோஸ்டாட்டின் ஹவுஸிங்கில் இரண்டு போல்ட்டைக் கழற்றினேன். செந்நிறத் துருத் தண்ணீர் கொட்டியது. உள்ளே விரலை விட்டேன்.

காலி. தெர்மோஸ்டாட்டே இல்லை.

யார் கழற்றியது? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நம் பக்கம் இது பெரிய வியாதி: கோடையில் வண்டி சூடேறினால் முதலில் இதைப் பிடுங்கி எறிவார்கள். "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு, குளிர் நாட்டுக்காரனுக்குத்தான்" என்பார்கள். தப்பு. சூடேறியதும் அது முழுசாகத் திறந்து வழி விட்டுவிடும், தடுக்காது. திறக்கிற வரை தண்ணீரை இன்ஜினுக்குள்ளேயே சுற்றவிட்டுச் சீக்கிரம் சூடேற்றும், அதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்த நிமிஷத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்கு ஓடும். மார்கழி விடியற்காலையில் 60 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் எங்கே சூடேறுவது? பெட்ரோலைக் கூடக் குடிக்கும், ஆயில் கெடும், சிலிண்டர் தேயும். அது கெட்டுப்போய்த் திறக்காமல் அடைத்துக்கொண்டால் புதுசு மாற்ற வேண்டும். பிடுங்கிப் போடுவதா வைத்தியம்?

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. பள்ளிகொண்டா ரங்கநாதர் கோயிலுக்குப் போகிற கூட்டம் நாலு மணிக்கே ரோட்டில். லோடு தாமதம்.

மாலை நைனாவிடம் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனாலும் ஏனோ எழுதத்தான் கை போனது. "தெர்மோஸ்டாட் யார் எடுத்தது?"

வெகு நேரம் பார்த்தார். வாங்கி எழுதினார். "நான். வெயில்ல கொதிச்சுது. லோடு அழுகிடும்."

துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். "அட்டை எங்க?"

எனக்குப் புரியவில்லை. கையால் சதுரம் போட்டுக் காட்டினார், இரண்டு பக்கமும் கம்பி முறுக்குவதுபோல் விரலைச் சுழற்றினார். அப்புறம்தான். குளிர் காலத்தில் ரேடியேட்டருக்கு முன்னால் அந்த அட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். பாதிக் காற்றை மறைத்துவிட்டு. மார்கழி பிறந்தால் மாட்டுவது, தை மாசியில் கழற்றி சீட்டுக்குப் பின்னால் சொருகுவது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நேற்று எழுதியதைக் கிழிக்கவில்லை, ஆனால் அந்தக் கோபம் இப்போது இல்லை.

"பத்திரமா இருக்கு நைனா" என்றேன்.

ஜனவரி 11, சனி

புது தெர்மோஸ்டாட். விளிம்பில் 82 என்று பொறித்திருக்கிறது. வால்வு வாயில் நூலைச் சொருகிப் பாத்திரத்தில் தொங்கவிட்டேன் (இந்த முறை என் பழைய டீ பாத்திரம்). 80 தாண்டியதும் வால்வு வாய் திறந்து, தெர்மோஸ்டாட் நூலைவிட்டு நழுவி விழுந்தது. அம்மாவும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோ சின்னதா?" என்றாள்.

ஜனவரி 12, ஞாயிறு

மாட்டியாயிற்று. துரு தீரும்வரை தண்ணீர் விட்டு அலசினேன், நாலு முறை. இனி போர் தண்ணீர் கிடையாது, எங்கள் தெரு உப்புத் தண்ணீர் எதையும் தின்றுவிடும். கூலன்ட்தான். மூடியைத் திறந்து வைத்தபடியே ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினேன். மேல் ஹோஸ் பத்து நிமிஷம் ஜில்லென்று இருந்தது. பிறகு சட்டென்று கை வைக்க முடியாத சூடு.

ஜனவரி 13, திங்கள், போகி

வழியெல்லாம் புகை, பாய் எரிகிற வாசனை. முள் நடுவுக்கு வந்து நின்றது. மார்க்கெட் வாசலில் காலை எடுத்தேன். இறங்கியது. இன்னும் இறங்கியது. நின்றது.

இன்ஜினை அணைக்க மனமில்லாமல் ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். போனில் பதிவு செய்துகொண்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் தூக்கில் கொண்டுபோனோம், நைனாவுக்கு இல்லை, அம்மாவும் நானும் வராந்தாவில் சாப்பிட்டோம். போனை அவர் காதில் வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொல்லி விரலைச் சுழற்றினார். மூன்று முறை. சிலேட்டை வாங்கி எழுதினார், எழுத்து முன்னைவிட நேராக இருந்தது.

"பெல்ட்டு."

நான் மறுபடி போட்டு என் காதில் வைத்தேன். ஆமாம். அடியில் மெலிசாக ஒரு கீச்சு. ஐடிலிங் இறங்கியதைக் கேட்கிற சந்தோஷத்தில் எனக்குக் கேட்கவே இல்லை.

ஜனவரி 16, வியாழன்

ஃபேன் பெல்ட் பக்கவாட்டில் வெடித்திருக்கிறது. நாளைக்குக் கடை திறந்ததும் வாங்க வேண்டும். டியூபை எடுக்கலாமா என்று நாளைக்குப் பத்து மணிக்குச் சொல்கிறார்களாம், அதற்குள்