மஞ்சள் வளையத்தில் இரண்டு கறுப்புத் திட்டுகள்

கடைசியில் வந்துவிட்டது. அரக்கு ஏற்றிய எட்டாவது மர வளையம். சுற்றிலும் ஒரே மஞ்சள், திட்டு இல்லை, திப்பி இல்லை, கன்னத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணாடி வளையல் மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு இவரை எழுப்பிக் காட்டினேன். "நல்லாருக்கு, லைட்டை அணை" என்றார். அந்தப் பாராட்டு போதவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு ஒன்றரை வயது ஆகப்போகிறது. அவளுக்கு அடுக்கு வளையம் செய்கிறேன்: ஐந்து வளையம், நடுவில் ஒரு குட்டைக் குச்சி, அவ்வளவுதான். முதலில் கிலுகிலுப்பைதான் யோசித்தேன். உள்ளே போட என்ன இருக்கிறது என்று கேட்டதும் அத்தை ஓடிப்போய் ஒரு டப்பா நிறையக் குன்றிமணி எடுத்து வந்துவிட்டார், அவர் பிள்ளைகளுக்கெல்லாம் அதைப் போட்டுத்தான் செய்து கொடுத்தார்களாம். குன்றிமணி விஷம், ஓடு உடைந்து உள்ளே போனால் ஒரு மணிகூட ஆபத்து என்று சொன்னதற்கு, "உன் வீட்டுக்காரன் அதை வச்சு விளையாடித்தானே வளர்ந்தான்" என்றார். எதற்கு வம்பு என்று உள்ளே ஒன்றுமே இல்லாத சாமானாக மாற்றிக்கொண்டேன்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பொம்மைக்கு ஒரு கணக்கு உண்டு. 31.7 மி.மீ. குறுக்களவுள்ள உருளைக்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையில் அடைக்கும், கொடுக்கக் கூடாது. நான் ஒரு பலகையில் 32 மி.மீ. துளை போட்டு சமையலறையில் ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன். அந்தப் பலகையை இப்போது என்னைவிட அத்தைதான் அதிகம் பயன்படுத்துகிறார். கொட்டைப்பாக்கு, மூடி, பித்தான் எல்லாம் அதில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தரையில் வைக்கிறார். போன வாரம் ஒரு பெருநெல்லிக்காய் அதில் மாட்டிக்கொண்டு, கத்தியை விட்டு நோண்டி எடுத்தோம்.

சரி, வளையத்துக்கு வருகிறேன். கடைசல் மிஷின் எல்லாம் என்னிடம் இல்லை. 13 மி.மீ. சக் (முனையைக் கவ்விப் பிடிக்கிற வாய்) உள்ள டிரில்லைப் படுக்கவைத்து, இரண்டு கட்டை நடுவில் பைப் கிளாம்ப் போட்டு ஒரு பழைய கட்டில் சட்டத்தில் இறுக்கியிருக்கிறேன், நிமிடத்துக்கு 2800 சுற்று என்று அதன் மேலே போட்டிருக்கிறது. பாப்பா தூங்கும்போது அதை ஓட்ட முடியாது, முழித்திருக்கும்போது கண்டிப்பாக ஓட்ட முடியாது. ஆகவே அத்தை அவளை ரயில் காட்ட ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போகிற முக்கால் மணி நேரம்தான் என்னுடையது. செங்கோட்டையில் இருப்பதில் அந்த ஒரு சௌகரியம், புனலூர்ப் பக்கம் மலையேறுகிற வண்டியைப் பார்க்காமல் குழந்தை வீட்டுக்கு வரமாட்டாள்.

மரத்தில்தான் முதல் தகராறு. இவருக்கு வேலை புனலூரில். அங்கே ரப்பர் மரம் அறுக்கிற மில்லில் கழிவுத்துண்டு சும்மா கிடைக்கிறது என்று ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து இறக்கினார். பார்க்க வெள்ளையாக, அழகாகத்தான் இருந்தது. ஆனால் ரப்பர் மரம் அறுத்துச் சும்மா போட்டால் நீலக்கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும், அதனால் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை மரத்துக்குள் ஏற்றித்தான் அனுப்புவார்கள். நம் சாக்கில் இருப்பது மருந்து ஏற்றியதா, ஏற்றாததா? மில்லில் கேட்டதற்கு "ரண்டும் உண்டு" என்றார்களாம். நாள் முழுக்கக் கடிக்கப்போகிற பிள்ளைக்கு அது வேண்டாம். சாக்கு இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது.

வெட்பாலைதான் சரி என்று முடிவானது. நம் ஊரில் அதைத் தைலத்துக்கு இலை பறிக்கிற மரமாகத்தான் தெரியும், ஆனால் கர்நாடகத்தில் சென்னபட்டணாவிலும் ஆந்திராவில் ஏட்டிகொப்பாகாவிலும் அரக்கு பொம்மை கடைவது இந்த மரத்தில்தான். தந்தம் மாதிரி வெள்ளை, நெருக்கமான இழை, சிலாம்பு அவ்வளவாக எழாது. தச்சரிடம் ஒரு பலகைத்துண்டு கிடைத்தது, ஹோல் சா (டிரில்லில் மாட்டுகிற வட்ட ரம்பம்) வைத்து வட்டம் வட்டமாக வெட்டி, விளிம்பை அரத்தால் உருட்டி, உப்புத்தாள் 120, 220, 400 என்று போட்டு முடித்தேன். இது வரைக்கும் எல்லோரும் செய்வதுதான்.

வளையத்தை டிரில்லில் எப்படி மாட்டுவது என்பதில் மட்டும் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன். இரண்டு பம்பரம் வாங்கி, ஆணியைப் பிடுங்கிவிட்டு நடுவில் 8 மி.மீ. துளை போட்டேன். நீள போல்ட்டில் இரண்டையும் மூக்கோடு மூக்கு பார்க்கக் கோத்து, நடுவில் வளையத்தை வைத்து நட்டை முறுக்கினால் இரண்டு கூம்பும் துளைக்குள் இறங்கித் தானாக மையம் பிடித்துக்கொள்ளும். துளை சின்னதோ பெரியதோ, பம்பரத்துக்குக் கவலை இல்லை. பம்பரமே கடைசலில் செய்தது, அதைவிடச் சரியான வட்டம் நம் கையால் வராது.

அப்புறம் அரக்கு. தகடு தகடாக அவல் மாதிரி இருக்கும் அரக்கு கால் கிலோ வாங்கினேன், 450 ரூபாய். அதற்கு முன்னால் நாட்டுமருந்துக் கடையில் கொம்பரக்கு என்று கொடுத்ததில் பாதி குச்சியும் பூச்சியும்தான், வடிகட்டியே கை ஓய்ந்தது, யாரும் அதில் இறங்காதீர்கள். அரக்கைச் சூட்டில் இளக்கி, மஞ்சள்பொடி சேர்த்து, சவ்வுமிட்டாய் இழுப்பது போல இழுத்து மடக்கி இழுத்து மடக்கி, விரல் தடிமனில் குச்சியாக உருட்டிக்கொள்ள வேண்டும். சுற்றுகிற மரத்தில் இந்தக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே இளகி மரத்தில் ஏறும். தீயும் வேண்டாம், பிரஷ்ஷும் வேண்டாம்.

(ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் சுலபம்தானே என்று கேட்பீர்கள். ஜூலையில் அதைத்தான் செய்தேன். வெளியே குற்றாலச் சாரல், காற்றெல்லாம் ஈரம், பூசினது காய்வதற்குள் மேலே பால் ஆடை மாதிரி வெள்ளை படிந்துவிட்டது. இந்த ஊரில் சாரல் முடிகிற வரைக்கும் ஸ்பிரிட் அரக்கைத் தொடக் கூடாது.)

குச்சி ஏறியது, மஞ்சள் வந்தது. வளையத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் விளிம்பில் எதிரும் புதிருமாக இரண்டு கறுப்புத் திட்டுகள். தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அதே இடம். அடுத்த வளையம், அதிலும் எதிரும் புதிருமாக இரண்டு. அழுத்தத்தைக் குறைத்தேன், கூட்டினேன், குச்சியில் மஞ்சளைக் குறைத்தேன், உப்புத்தாளை 600 வரைக்கும் கொண்டுபோனேன். ஐந்து வளையம் இப்படியே போனது. டிரில் ஆடுகிறதோ என்று சந்தேகப்பட்டுப் பாவம் அந்தப் பம்பரங்களை வேறு திட்டித் தீர்த்தேன்.

நாத்தனார் மகளுக்குச் சொப்பு வாங்க அம்பாசமுத்திரம் போயிருந்தோம். அங்கே மரச்சொப்பு கடைகிற பட்டறையில் ஒரு பெரியவரிடம், கைப்பையில் இருந்த வளையத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைக்கூடப் போடவில்லை, கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். "பலகையில அறுத்தியளோ?" என்றார். ஆமாம் என்றேன். "பலகைன்னா ரெண்டு பக்கம் குடிக்கும், ரெண்டு பக்கம் குடிக்காது. கட்டையில கடையுங்க." அவ்வளவுதான், வளையத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டது அவருக்கு அரை நிமிடம்.

பலகையிலிருந்து வெட்டிய வட்டத்தில் மர இழை குறுக்கே ஓடும். விளிம்பைச் சுற்றி வந்தால் இரண்டு இடத்தில் இழையின் பக்கவாட்டு, இரண்டு இடத்தில் இழையின் வெட்டுமுனை. வெட்டுமுனை என்பது ஆயிரம் குழாய்களின் வாய், இளகிய அரக்கு அங்கே உள்ளே இறங்கிக் கறுக்கும். கொம்பை வாழைத்தண்டு நறுக்குவது போல நறுக்கினால் இழை அச்சோடு ஓடும், விளிம்பு முழுக்கப் பக்கவாட்டுதான், எங்கேயும் ஒரே மாதிரி குடிக்கும். கடைசல்காரர்கள் காலம் காலமாக அப்படித்தான் கடைகிறார்கள், நான்தான் ஹோல் சா கையில் இருக்கிற திமிரில் பலகைக்குப் போனேன்.

நல்லவேளை, வயலில் கழித்துப்போட்ட வெட்பாலைக் கொம்பு ஒன்று, சுமார் மூன்றரை அங்குலம் கனம், முன்பே வாங்கி முனைகளில் மெழுகு தடவி நிழலில் மூன்று மாதமாகப் போட்டிருந்தேன். கொம்பின் நடுத்தண்டுதான் வெடிப்புக்கு மூலம். நமக்கு வளையம்தானே, அந்த இடத்தில் 25 மி.மீ. துளை போட்டதும் நடுத்தண்டு தூளாகப் போய்விட்டது. ஒரு துண்டுகூட இதுவரை வெடிக்கவில்லை.

அப்படியும் ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. விளிம்பு பளபளவென்று வந்தது, முகப்பில் துளைக்குப் பக்கத்தில் மட்டும் அரக்கு ஏறாமல் சொரசொரவென்று திப்பியாக நின்றது. யோசித்தால் கணக்கு எளிது: 75 மி.மீ. வளையத்தின் வெளி விளிம்பு ஒரு சுற்றுக்கு 23.5 செ.மீ. ஓடுகிறது, துளையின் ஓரம் 8 செ.மீ. கூட ஓடுவதில்லை. ஓட்டம் குறைந்தால் உராய்வு குறைவு, சூடு வராது. சுற்றைக் கூட்ட டிரில்லில் வழி இல்லை. எனவே குச்சிக்கு நானே சூடு கொடுத்தேன். தோசைக்கல்லை மிதமாகச் சூடாக்கி அணைத்துவிட்டு, குச்சியின் முனையை அதில் இரண்டு விநாடி வைத்து எடுத்து உடனே துளை ஓரத்தில் அழுத்தினால் ஏறிவிடுகிறது. மூன்று விநாடி வைத்தால் நூல் விட்டு ஒழுகும். கல்லை அத்தை பார்ப்பதற்குள் கழுவி வைத்துவிட வேண்டும், அதுதான் இதில் கஷ்டமான வேலை.

ஏறின அரக்கைப் பரப்பி மெருகேற்றத் தாழை ஓலை. இதற்குத் துணியும் உதவாது, உப்புத்தாளும் உதவாது. ஓலையை மடித்து, சுற்றுகிற வளையத்தில் கொஞ்சம் துணிச்சலாக அழுத்தினால் சூட்டில் அரக்கு மறுபடி இளகி வழிந்து சமமாகும், கையை எடுக்கும்போது கண்ணாடி. தாழை எங்கே கிடைக்கும் என்று நான் அலைந்துகொண்டிருக்க, இவருடன் வேலை பார்க்கிற மலையாளத்துக்காரர் "கைதோலையா? எங்க தோட்டத்துல வேலியே அதுதான்" என்று ஒரு கட்டு அனுப்பினார். ஓரத்து முள்ளைச் சீவிவிடுங்கள். முதல் தடவை ஈரம் இருக்கும்போதே போட்டேன், மங்கலாக விட்டது. வெயிலில் காயவைத்தது நொறுங்கியது. நிழலில் பத்து நாள் காய்ந்து, மடித்தால் முறியாமல் வளைகிற பதத்தில் இருப்பதுதான் எனக்கு ஒத்துவந்தது.

நிறத்தில் இன்னும் மஞ்சளைத் தாண்டவில்லை. நீலத்துக்கு அவுரிப்பொடி வாங்கினேன், வந்தது தலைக்குப் போடுகிற இலைப்பொடி, அரக்கில் கலந்தால் குளத்துப் பாசி நிறம். இலை வேறு, இலையை ஊறவைத்து எடுக்கிற நீலம் வேறு என்று பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். ஏட்டிகொப்பாகாவில் இந்த இயற்கைச் சாயங்களைத் திரும்பக் கொண்டுவந்தவர் சி.வி. ராஜு, 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாசி நிறக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தால் இரண்டு பத்மஸ்ரீ கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

மஞ்சளிலும் ஒரு எச்சரிக்கை. ஆறாவது வளையத்தை அத்தை துணி சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். பளபளப்பு போய் ஓரமெல்லாம் ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்துவிட்டது. சோப்பின் காரத்தில் அரக்கும் கரையும், மஞ்சளும் சிவக்கும். சானிடைசரும் ஆகாது, ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து உடனே காயவைப்பதோடு சரி. எச்சில் பட்டுக் கொஞ்சம் வெளுக்கத்தான் செய்யும், மாதம் ஒருமுறை திரும்ப ஓலை பிடித்துவிடலாம்.

இப்போது கையில் இருப்பது மூன்று வளையம், 75, 68, 60. பாப்பா இன்னும் எதையும் அடுக்கவில்லை, கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டு என்னைத்தான் எடுக்கச் சொல்கிறாள். நடுக்குச்சியும் அடிப்பலகையும் இன்னும் செய்யவே இல்லை, அதற்குள் புனலூர் ரயில் பாதையில் இருக்கிற பதிமூன்று கண் பாலத்தை மரத்தில் செய்தால் என்ன என்று மனசு ஓடுகிறது. ஒரு பலகை, பதிமூன்று வளைவு, மேலே இவளுக்கு ஒரு ரயில். வளைவு அறுக்க அந்த ரப்பர் மரமே போதுமென்கிறார் இவர். கடிக்கிற வயசு தாண்டட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பாக்கி இரண்டு சின்ன வளையம். 45 மி.மீ. வளையத்தில் 25 மி.மீ. துளை போட்டால் சுவர் 10 மி.மீ.தான் நிற்கிறது, அப்படிச் செய்த ஒன்று சிமெண்ட் தரையில் விழுந்து இழையோடு இரண்டாகப் பிளந்துவிட்டது. துளையை 16 ஆக்க வேண்டும், நடுக்குச்சியையும் மேலே போகப்போக ஒடுங்குவதாக மாற்ற வேண்டும். ஆனால் என் பம்பரங்களின் மூக்கு 16 மி.மீ. துளைக்குள் பிடிக்கிற அளவுக்கு இறங்கவில்லை, சின்னப் பம்பரம் வேண்டும். கடைத்தெருவில் கேட்டால் எல்லாம் பிளாஸ்டிக். கொழுந்தனார் மகனிடம் சரியான அளவில் ஒரு ஜோடி மரப் பம்பரம் இருக்கிறது. ஆணியைப் பிடுங்க வேண்டியிருக்கும் என்பதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.