சிவப்புப் பூச்சியங்கள்

பத்தாந்தர மாணவன் ஒருவனுடைய புத்தகப் பையில் சைக்கிள் செயின் ஒன்றைக் கண்டெடுத்த நாள் எனக்கு மறக்கவில்லை. கைப்பிடியாக ஒரு முனையில் துணியைச் சுற்றி, அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தான். திருகோணமலையில் நான் அப்போது கற்பித்த பாடசாலை, இரண்டு வாரம் வகுப்புக்கு வரவேண்டாம் என்று அவனை அனுப்பிவிட்டது. நானும் தலையாட்டினேன்.

அன்று மாலை வரவு இடாப்பைப் புரட்டியபோதுதான், அவனுடைய பெயருக்கு நேரே மூன்று மாதங்களாக, வராத நாட்களைக் குறிக்கும் சிவப்புப் பூச்சியங்கள் கூடிக்கொண்டே வந்திருப்பதைக் கண்டேன். அவற்றை இட்டதும் நான்தான். விசாரித்துப் போனால், ரியூசன் வாசலில் மூத்த பையன்கள் அவனை அடித்ததைச் சந்திக் கடைக்காரர் பார்த்திருந்தார். புருவத்துக்குத் தையல் போட்ட வைத்தியசாலையில் சைக்கிளால் விழுந்ததாகச் சொல்லியிருந்தான். கட்டாரிலிருந்த தகப்பன் பணம் அனுப்புவதை நிறுத்தியது கிராம உத்தியோகத்தருக்குத் தெரிந்திருந்தது. ஆளுக்கொரு துண்டுத் தகவலை வைத்திருந்த நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. செயின் எதற்கென்று அவனிடம்கூட எவரும் கேட்கவில்லை. பின்னர் நான் கேட்டேன். "அடிக்கிறதுக்கில்ல சேர், காட்டுறதுக்கு" என்றான்.

இப்படிச் சிதறிக் கிடக்கும் தகவல்களை ஒன்றுசேர்க்க ஒரு வழி வேறோர் ஊரில் இருந்தது. வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஜொனதன் ஷெப்பர்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், அடிபட்டு வைத்தியசாலைக்கு வருவோரில் பலர் பொலிஸ் பதிவுகளிலேயே இல்லை என்பதைக் கவனித்தார். எங்கே, எப்போது, எதனால் தாக்கப்பட்டார் என்பதைக் கேட்டுப் பதிந்து, பெயரை நீக்கிவிட்டுப் பொலிசுக்கும் நகர நிர்வாகத்துக்கும் கொடுக்கும் முறை அங்கு அப்படித்தான் உருவானது. அந்தப் பெயர் நீக்கம்தான் எங்களுக்கு முக்கியமானது. 2006 ஜனவரியில் ஐந்து மாணவர்கள் கடற்கரையில் கொல்லப்பட்ட இந்த ஊரில், மகனுடைய பெயர் பொலிஸ் புத்தகத்தில் ஏறுவதை எந்தத் தாய் விரும்புவாள்? தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இடத்தில், இரண்டு பையன்களின் கைகலப்பு இருட்டுவதற்குள் இரண்டு சமூகங்களின் சண்டையாகிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், செயின் பைக்குள் வரும்வரை காத்திருப்பது பெரும் பிழை.

இப்போது மாதத்தில் ஒரு நாள், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உதைபந்தாட்டக் கழகப் பயிற்றுநர், கோயிலிலும் பள்ளிவாசலிலும் பொறுப்பிலிருப்போர் ஆகியோருடன் அமர்கிறோம். எழுத்தில் எவருடைய பெயரும் இருக்காது. தொடர்ந்து மூன்றாவது பூச்சியம் விழுந்தால் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போகவேண்டும். பெரும்பாலும் நான்தான் போவேன். முறைப்பாடு சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து, கதிரையைக்கூட எடுத்துப்போடாமல் தாய்மார் வாசலிலேயே நிற்பார்கள். தேநீர் வரும்வரை நான் பையனைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை.