சேர்க்கைப் பட்டியலுக்குப் பிறகு

தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் பல வருடங்களாகப் பாடம் எடுக்கிறேன். எங்கள் எம்.எஸ்சி. சேர்க்கைப் பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் குறை சொல்லத் தோன்றாது. 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, அதற்குள் 2009-இல் வந்த அருந்ததியர் உள்ஒதுக்கீடும் இருக்கிறது, வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களும் நிறைய. ஆனால் அதே பிள்ளைகளில் யார் பிஎச்.டி.க்குத் தொடர்கிறார்கள், யார் கல்லூரி ஆசிரியர் பணித் தகுதிக்கான நெட் தேர்வுகூட எழுதாமல் ஊருக்குத் திரும்புகிறார்கள் என்று பார்த்தால் கதை வேறு. சேர்க்கையைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. அதற்கு அப்புறம் நடப்பதெல்லாம் எங்கேயும் எழுதி வைக்காத துறைப் பழக்கங்களைப் பொறுத்தது, அவற்றைத் தொடாமல் குழு போட்டு என்ன பயன் என்பதுதான் என் கவலை.

முதல் நாள் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் என்ன, எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன செய்கிறார். கேட்பவர் இதைச் சும்மா அறிமுகம் என்பார். பதில் சொல்ல எழுந்து நிற்கிற பிள்ளைக்கு அப்படி இல்லை, ஊர்ப் பெயரோடு தெருவையும் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று இங்கே பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். இப்போது நாங்கள் சிலர் முதல் நாளில் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறோம்: இளங்கலையில் எந்தச் சோதனையைச் செய்யப் பிடித்தது? பேசவே மாட்டாள் என்று நினைத்த பெண் சாலிசிலிக் அமிலத்திலிருந்து ஆஸ்பிரின் தயாரித்த கதையைப் படிப்படியாகச் சொல்கிறாள்.

இதைவிடப் பெரிய விஷயம் புராஜெக்ட்டுக்கு கைடு கிடைப்பது. முன்பெல்லாம் மாணவர்களே போய்ப் பேராசிரியரைப் பார்த்துப் பேசி இடம் பிடிக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் எப்போது போய்ப் பார்ப்பது, என்ன பேசுவது, எந்த ஆய்வகத்தில் நல்ல கருவி இருக்கிறது என்பதெல்லாம் சீனியர்களோடு பழக்கம் உள்ளவர்களுக்கும் நகரத்துக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்களுக்கும்தான் முன்கூட்டியே தெரியும். மற்றவர்கள் கதவருகே நின்று, சார் பிஸியாக இருக்கிறார் என்று திரும்பிப் போய், கடைசியில் யாரிடம் இடம் மிச்சம் இருக்கிறதோ அங்கே சேர்வார்கள். அதை மாற்ற வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் பேசியபோது, "தகுதி இருக்கிறவங்க தானா வந்து கேட்பாங்க மேடம்" என்றார் ஒரு மூத்த பேராசிரியர். தகுதியும் கதவைத் தட்டும் தைரியமும் ஒன்றல்ல என்று அன்றைக்கு வெகுநேரம் வாதாடினேன். இப்போது எல்லாப் புராஜெக்ட் தலைப்புகளையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே நாளில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம், மாணவர்கள் விருப்பத்தை வரிசைப்படுத்தித் தருகிறார்கள், மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். குறை இல்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிய உதவும் என்எம்ஆர் கருவியின் பக்கமே வந்திராதவர்கள் இப்போது அதில் வேலை செய்கிறார்கள்.

அந்த என்எம்ஆரிலும் ஒரு சிக்கல் இருந்தது. கார்பன்-13 நிறமாலை எடுக்க நேரம் பிடிக்கும், அதனால் அதை இரவில் ஓடவிடுவது வழக்கம். பெண்கள் விடுதியின் கேட்டை எட்டு மணிக்கே பூட்டிவிடுவார்கள். பெண்களின் சாம்பிள் எப்போதும் ஓர் ஆண் நண்பரின் தயவில்தான் உள்ளே போகும். பெண்களுக்குப் பகல் நேரம் ஒதுக்கிவிடலாம் என்று சுலபமாக ஒரு யோசனை வந்தது, நான் எதிர்த்தேன், ஏனென்றால் நீண்ட நேரம் எடுக்கும் சோதனைகள் அப்போதும் ஆண்களிடமே தங்கிவிடும். விடுதிக் காப்பாளரிடம் பேசி, பதிவேட்டில் கையெழுத்து, திரும்பிப் போக வண்டி என்று ஏற்பாடு செய்ய ஒரு பருவமே ஆனது.

பிஎச்.டி. மாணவிகளுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு, ஆய்வை முடிக்கக் கூடுதலாக இரண்டு வருடமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதியிலேயே இருக்கிறது. இது தெரியாமல் படிப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. அவர்களுடைய கைடுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. இப்போது பதிவு செய்யும் நாளிலேயே அச்சடித்துக் கொடுக்கிறோம்.

நிறமாலையியல் பாடத்தில் இயற்பியலாளர் அன்னா மணியைப் பற்றித் தவறாமல் சொல்வேன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரமும் மாணிக்கமும் ஒளிர்வதை ஆராய்ந்து, 1945-இல் ஆய்வேட்டைக் கொடுத்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டது. பட்டம் இல்லாமலே இந்திய வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தார் என்று பாராட்டுவதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். வேலையை முழுதாக முடித்தவருக்கு உரியதைக் கொடுக்கவில்லை என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் இன்னும் சரிசெய்யாதது மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி. 2016 சட்டப்படி 5 சதவீத இடம் உண்டு, ஆனால் எங்கள் ஆய்வகங்கள் இரண்டாம் மாடியில் இருக்கின்றன, லிஃப்ட் கிடையாது. நிறம் பிரித்தறிய முடியாத மாணவருக்கு நிறம் மாறிக் காட்டும் மெத்தில் ஆரஞ்சுக்குப் பதிலாக, அமிலத்தன்மையை எண்ணில் காட்டும் பிஹெச் மீட்டர் வைத்து டைட்ரேஷன் செய்யவைப்பது எளிது, உடனே செய்துவிட்டோம். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அப்படிச் சட்டென்று வழி கிடைக்கவில்லை. இயற்பிய வேதியியல் ஆய்வகத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சம்மதம் வாங்கியிருக்கிறோம், அங்கே ஒரு மேசையாவது உயரம் குறைவாக இருக்க வேண்டும், கண் கழுவும் குழாயும் உட்கார்ந்தபடியே எட்ட வேண்டும். கரிம வேதியியல் ஆய்வகத்தை, நச்சுப் புகையை வெளியேற்றும் ஃபியூம் ஹுட்டுகளோடு கீழே இறக்க முடியாது, அதற்கு லிஃப்ட்தான் வழி. அந்தக் கோப்பு பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது, அது நகரும்வரை ஒவ்வொரு துறைக் கூட்டத்திலும் அதையே முதல் பொருளாக எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.