சூடானதும் மறைந்துபோகும் சத்தம்

பிப்ரவரி மாதக் காலை, மைனஸ் 4 டிகிரி. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எப்போதும்போல் உறுமிக்கொண்டு எழுந்தது. ஆனால் அந்த உறுமலுக்குள் புதிதாக ஒன்று: "டிக் டிக் டிக்" என்று, நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல. நெடுஞ்சாலை ஏறுவதற்குள் அது காணாமல் போனது. மறுநாள் காலை மறுபடியும் வந்தது.

என் கார் 2006-ஆம் வருட போர்ஷே பாக்ஸ்டர். 2.7 லிட்டர், படுக்கைவசமாக ஆறு சிலிண்டர், 240 குதிரைத்திறன். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் எஸ்லிங்கனில் குடியிருக்கிறேன். ஐந்து வருடம் சேமித்து இரண்டாம் கையாக வாங்கிய வண்டி. இதில் எஞ்சின் இருக்கைக்கு நேர் பின்னால், முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கவும் முடியாது. முன்னாலும் பின்னாலும் திறந்தால் பெட்டி வைக்கும் இடம்தான். அதனால் இந்தக் காரை வைத்திருப்பவர்களுக்குக் காதுதான் கண்.

பயந்துவிட்டேன். டிக் சத்தம் என்றதும் மனம் எங்கே ஓடும்? சிலிண்டர் சுவர் கீறிவிட்டதோ, எஞ்சினையே இறக்க வேண்டுமோ என்றுதான். அந்தச் செலவில் இன்னொரு கார் வாங்கிவிடலாம்.

அப்பாவுக்கு ஒலிப்பதிவு அனுப்பினேன். திருச்சியில் முப்பது வருடம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை எஞ்சினில் ஊன்றி, "மூணாவது இன்ஜெக்டர்" என்று சொல்லக்கூடியவர். பதில் வர நேரமாகவில்லை.

"சத்தம் எவ்ளோ பெருசுன்னு பாக்காதம்மா. எப்ப வருது, எப்ப போகுதுன்னு எழுதி வை."

"சூடானா போயிடுதுப்பா."

"ஆக்சிலேட்டர் கொடுத்தா?"

"எஞ்சின் ஆறி இருக்கும்போது கொடுத்தா கூடுது."

"அப்ப உள்ள ஒண்ணும் இல்ல. சைலன்சர் பக்கம் பாரு. மேனிஃபோல்டு ஜாயிண்ட் விட்டிருக்கும்."

மேனிஃபோல்டு என்பது சிலிண்டர்களிலிருந்து வரும் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் குழாய். ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு மனிதர் இப்படிச் சொன்னபோது எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. சரி, நானே சரிபார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். சிறுவயதில் எட்டு வருடம் மிருதங்கம் கற்றிருக்கிறேன். எண்ணுவது எனக்குப் பழக்கம்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். ஆறு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு: தகிட, தகிட. குளிரில் என் எஞ்சின் நிமிடத்துக்கு 1,100 சுற்று சுற்றும். அப்படியானால் வினாடிக்கு 55 வெடிப்பு. அவை தனித்தனியாகக் கேட்காது, ஒரே ரீங்காரமாகத்தான் கேட்கும். ஒரே ஒரு சிலிண்டரிலிருந்து வருகிற சத்தமானால் வினாடிக்கு ஒன்பது தட்டு. பதிவைக் கால் வேகத்தில் ஓடவிட்டு எண்ணினேன். ஒன்பதுதான். ஆக, கோளாறு ஒரே இடத்தில்.

ஆனால் இதை வைத்து மட்டும் அப்பா சொன்னது சரி என்று முடிவு கட்ட முடியாது. வால்வைத் தூக்கும் டேப்பட் ஒன்று சத்தம் போட்டாலும் அதுவும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தட்டும். கணக்கு இரண்டுக்கும் ஒன்றே. வித்தியாசம் சுமையில் இருக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் சிலிண்டரிலிருந்து வெளியேறும் புகையின் அழுத்தம் கூடுகிறது, ஓட்டை வழியாகப் பீய்ச்சுவதும் கூடுகிறது. டேப்பட்டுக்குப் புகையின் அழுத்தம் பற்றிக் கவலையில்லை. வேகத்தோடு வேகமாகும், அவ்வளவே. அப்புறம் சூடு. இரும்புக் குழாய் சூடேறி விரியும்போது ஜாயிண்டில் இருக்கும் மயிரிழை இடைவெளி தானாக அடைபடும். அதனால்தான் நெடுஞ்சாலை வருவதற்குள் சத்தம் அடங்கியது.

குளிர்ந்த எஞ்சினின் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இணையத்தில் "காலையில் மட்டும் என் கார் கத்துகிறது" என்று பதறுபவர்களில் நிறையப் பேருக்குக் கோளாறே இல்லை. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சுமார் 250, 300 டிகிரி எட்டும்வரை சரியாக வேலை செய்யாது. அதைச் சீக்கிரம் சூடாக்க, எஞ்சின் கணினி வேண்டுமென்றே சுற்றைக் கூட்டுகிறது. பற்றவைக்கும் நேரத்தையும் தள்ளிப்போடுகிறது. தாமதமாக எரிந்த வாயு இன்னும் சூடாகவே குழாய்க்குள் போகிறது. என் காரில் இதற்கென்று ஒரு காற்றுப் பம்ப்கூட உண்டு. எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் குழாயிலேயே எரிந்து தீரட்டும் என்று அது காற்றை ஊதும். வேக்யூம் கிளீனர் மாதிரி "ஊ" என்று ஒரு சத்தம், ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். அது நோய் இல்லை.

குழாயும் மாறுகிறது. ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. 20 டிகிரியில் வினாடிக்கு 343 மீட்டர்; 600 டிகிரி வாயுவில் ஏறக்குறைய 590. அதனால் அதே குழாய் சூடேற ஏற மேல் சுருதியில் ஒலிக்கிறது. கச்சேரிக்கு முன் புல்லாங்குழலை ஊதிச் சூடாக்கிக்கொள்வார்களே, அதே விஷயம்தான். காலையில் கரகரப்பாக இருக்கும் கார் மதியம் கணீரென்று பாடுவதில் பாதி இந்தச் சூட்டால் வருவது.

சத்தம் மாறுவதில் இன்னொரு வகை, காரே மாறுவது. 2016-இல் இதே பாக்ஸ்டருக்கு 718 என்று பெயர் சேர்த்து, ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் டர்போ வைத்தார்கள். சக்தி கூடியது, 2.0 லிட்டரிலேயே 300 குதிரைத்திறன். ஆனால் சத்தத்தைப் பற்றி உலகம் முழுக்கப் புலம்பினார்கள். ஏன் என்பதை நம் சங்கீதத்தில் சொல்வது சுலபம். 6,000 சுற்றில் ஆறு சிலிண்டர் வினாடிக்கு 300 முறை வெடிக்கும், நான்கு சிலிண்டர் 200 முறை. மூன்றுக்கு இரண்டு. பஞ்சமத்தில் பாடிக்கொண்டிருந்தவர் ஷட்ஜத்துக்கு இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

சுருதி மட்டும் இல்லை, நடையும் மாறியது. படுத்த ஆறில் வெடிப்பு இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறி வரும். ஒவ்வொரு பக்கக் குழாய்க்கும் சம இடைவெளியில் மூன்று துடிப்பு கிடைக்கும். படுத்த நான்கில் அப்படி அமையாது: இடம் இடம், வலம் வலம். ஒரு பக்கக் குழாய்க்கு இரண்டு துடிப்பு சேர்ந்தாற்போல் வந்து, பிறகு நீண்ட மௌனம். இரண்டு பக்கமும் சேருமிடம்வரை குழாய்களின் நீளம் வேறுபட்டால் அந்தக் குலுக்கல் வெளியே கேட்கும். பழைய சுபாருக்களின் பேர்பெற்ற "குபு குபு" அதுதான். டர்போவின் சக்கரம் வேறு துடிப்புகளின் கூர்மையை மழுக்கிவிடுகிறது. நண்பரின் 718-ஐ ஒரு மாலை ஓட்டிப் பார்த்தேன். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வேறு ராகம் அது. ஆனாலும் 2020-இல் ஜிடிஎஸ் மாடலில் 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் திரும்பி வந்தபோது நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

2018 செப்டம்பருக்குப் பிறகு ஐரோப்பாவில் பதிவான பெட்ரோல் கார்கள் பலவற்றில் துகள் வடிகட்டி வந்துவிட்டது. தேன்கூடு போன்ற பீங்கான். அதன் கண்களை ஒன்றுவிட்டு ஒன்று அடைத்திருப்பார்கள், புகை சுவர் வழியாகக் கசிந்துதான் போயாக வேண்டும். புகைக்கரி நிற்கிற இடத்தில் சத்தத்தின் மேல்பகுதியும் கொஞ்சம் நின்றுவிடுகிறது. ஒரே மாடலை 2017-இலும் 2019-இலும் வாங்கியவர்கள் "இது அமுங்கிப்போய் ஒலிக்கிறதே" என்று கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த வடிகட்டியைப் பிடுங்கி எறிபவர்கள் இருக்கிறார்கள். அது இங்கே சட்டவிரோதம். என் பிள்ளை நடந்துபோகும் தெருவில் அதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

சரி, என் டிக் டிக்குக்கு வருகிறேன். கணினியோடு பேசும் சின்னக் கருவியைச் செருகிப் பார்த்தேன். ஒரு பக்க சிலிண்டர்களுக்குக் கணினி பெட்ரோலை 1 சதவீதம் கூட்டியிருந்தது, மறுபக்கம் 7 சதவீதம். ஓட்டை வழியாகப் புகை வெளியே போவது மட்டுமில்லை, துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே வெளிக்காற்று உள்ளேயும் இழுபடுகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. சத்தத்தை அலட்சியப்படுத்தக்கூடாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பட்டறையில் லிஃப்ட் ஏற்றியதும் தெரிந்தது. மேனிஃபோல்டை எஞ்சினோடு பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்று அறுந்து தலையில்லாமல் நின்றது, பக்கத்தில் ஜாயிண்டில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் ஓரம் கரி படிந்து கறுப்பாக இருந்தது. குற்றவாளி, பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு. இத்தனை குளிர்காலம் தின்றால் எந்த இரும்புதான் தாங்கும்? கழற்றும்போது இன்னும் இரண்டு அறுந்தன. துளைபோட்டு எடுக்க ஒரு நாள் முழுக்க ஆனது. புதுக் கேஸ்கட், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள்.

மறுநாள் காலை அப்பாவை அழைத்து, போனைப் பின் பம்பருக்கு ஒரு மீட்டர் தள்ளிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். எப்போதும் இதே இடம், இதே தூரம்தான். போன் தானே ஒலியைக் கூட்டிக் குறைப்பதால், இடமும் மாறினால் முந்தைய பதிவோடு ஒப்பிடவே முடியாது. முதலில் பம்பின் "ஊ", அப்புறம் அது நின்றது. ஆறும் சீராக. அப்பா ஒரு நிமிடம் பேசவில்லை.

"டிக்கு போச்சு. ஆனா நடுவுல ஒரு தகடு அதிருதே, கேக்குதா?"

எனக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை மெதுவாகச் சுற்றைக் கூட்டினேன். 2,500-ஐத் தொடும்போது மட்டும், மெல்லிய "ஜிர்ர்". வெப்பத்தடுப்புத் தகட்டின் கிளிப் ஒன்று தளர்ந்திருக்க வேண்டும். சனிக்கிழமை ஜாக்கி போட்டுப் பார்க்கிறேன்.