“பயப்படாம வாங்க டீச்சர், அது கடிக்காது”

கேட்டைத் திறக்கும்போது அந்தப் பாட்டி என்னிடம் சொன்னது இதுதான். அவருடைய பேத்திக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கே போய்க் கணக்கு சொல்லிக்கொடுத்து வந்தேன். உள்ளே இரண்டடி வைத்திருப்பேன், அவர்கள் வீட்டு நாய் என் வலது கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. ஆறு பல் பதிந்தது. ஒரு இடத்தில் சதை கிழிந்து தொங்கியது.

அவர்கள் வீட்டுக் குழாயிலேயே சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினேன். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அதனால் முதலில் இதுதான், வக்கீலெல்லாம் அப்புறம். ரத்தம் வந்த கடி என்பதால் ஆஸ்பத்திரியில் தடுப்பூசியோடு, காயத்துக்குள்ளும் சுற்றிலும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தையும் போட்டார்கள். பொறுக்க முடியாத வலி.

வெளியே வரும்போது கையில் கொடுத்த சீட்டில் “நாய்க்கடி” என்று ஒரே ஒரு வார்த்தை. ஊசி போட்ட நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, “எத்தனை பல், எந்த இடம், எவ்வளவு ஆழம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கங்கம்மா, பின்னாடி உதவும்” என்றார். திரும்பிப் போய் எழுதி வாங்கினேன். அந்த ஒரு காகிதத்துக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அன்றிலிருந்து தினமும் காயத்தின் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்தேன்.

மூன்றாம் நாள் பாட்டியின் மகன் வந்தார். “எங்க நாய் இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்ல. முதல் தடவைங்க. ஊசிச் செலவை நான் கொடுத்துடறேன்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த “முதல் தடவை”க்கு எவ்வளவு எடை என்று வக்கீலைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

நீதிமன்றத் தீர்ப்புகள் வழியே உருவான ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் பழைய வழக்கப்படி, நாய் மூர்க்கமானது என்று உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் அவர் பொறுப்பு. தெரியாது என்றால், அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று கடிபட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1865-ல் ஆடுமாடுகளுக்கு மட்டும் இந்த நிபந்தனையை நீக்கினார்கள்: நாய் ஆட்டைக் கடித்தால் “எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்ப முடியாது, மனிதரைக் கடித்தால் சொல்லலாம். இதைக் கேட்டபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அங்கே இப்போதுள்ள 1971-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், நாயின் அந்தக் குணம் வளர்ப்பவருக்குத் தெரிந்திருந்ததா என்ற கேள்வி முழுதாகப் போய்விடவில்லை.

கலிஃபோர்னியாவில் அப்படி இல்லை. பொது இடத்திலோ, முறையாகப் போயிருந்த தனியார் இடத்திலோ நாய் கடித்தால் உரிமையாளர் பொறுப்பு; முன்பு கடித்ததா, அவருக்குத் தெரியுமா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜெர்மனியிலும் வீட்டுச் செல்லப்பிராணி விஷயத்தில் இதே நிலைதான். பிரான்ஸில் நாய் கையைவிட்டுத் தப்பி ஓடியிருந்தாலும் சொந்தக்காரர் பதில் சொல்ல வேண்டும். இதுதான் நியாயம் என்பது என் கட்சி. கடிபட்ட காலுக்கு முதல் தடவை, இரண்டாம் தடவை என்ற வித்தியாசம் கிடையாது.

வக்கீல் அம்மா என்னிடம் கேட்டது மூன்றே கேள்விகள். உங்களை அவர்களே கூப்பிட்டார்களா? நாயைச் சீண்டினீர்களா? இதற்கு முன் யாரையாவது கடித்திருக்கிறதா? அத்துமீறி நுழைந்தவருக்கும் சீண்டியவருக்கும் இழப்பீடு குறையும், சில இடங்களில் கிடைக்காமலே போகும். எனக்குப் பாட்டி சொன்ன வார்த்தையே அழைப்பாகிவிட்டது. அதைச் சொன்னபடியே அன்று இரவே நோட்டில் எழுதி, தேதி போட்டு வைத்திருந்தேன்.

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. நான் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை அழுதுகொண்டே, “கூரியர் அண்ணனையும் இப்படித்தான் கடிச்சுது டீச்சர்” என்று சொல்லியிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அவள் அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லவைக்க எனக்கு மனம் வரவில்லை. வக்கீலிடமும் அவள் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் கூரியர் தம்பியை நானே தேடிப் பிடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு பக்கம்தான் பேச்சையே மாற்றியது.

எனக்குச் சர்க்கரை உண்டு. காயம் ஆற ஒன்பது வாரம் ஆனது. “உங்க சர்க்கரைக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?” என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் நான் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தேன். இதற்குச் சட்டத்தில் பழைய பதில் ஒன்று இருக்கிறது: காயப்பட்டவர் எந்த உடம்போடு இருந்தாரோ, அந்த உடம்போடுதான் அவரை ஏற்க வேண்டும். மண்டை ஓடு முட்டை ஓடுபோல மெல்லியதாக இருந்தாலும், அடித்தவர் முழுச் சேதத்துக்கும் பொறுப்பு. சர்க்கரை, முதுமை என்று எதைக் காட்டியும் உங்கள் உரிமையைக் குறைக்க விடாதீர்கள்.

இழந்த வருமானத்தைக் காட்ட என்னிடம் சம்பளச் சீட்டு கிடையாது. எந்தப் பிள்ளைக்கு எந்த நாள் வகுப்பு, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நான் எழுதிவரும் டியூஷன் நோட்டைத்தான் கொடுத்தோம். மருத்துவச் செலவு, அந்த ஒன்பது வார வருமானம், வலி, தழும்பு, நாயைக் கண்டாலே உடம்பு நடுங்கியதற்காக எடுத்த ஆலோசனை எல்லாம் தனித்தனியாகக் கேட்கக்கூடியவை. ஆனால் “இத்துடன் எல்லாம் தீர்ந்தது” என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அநேகமாகக் கதவு மூடிவிடும். அவர்கள் முதல் வாரமே அப்படி ஒன்றை நீட்டினார்கள். காயம் எப்படி ஆறும் என்று டாக்டருக்கே தெரியாத நேரம் அது. வழக்குப் போடக் காலவரம்பும் உண்டு, அது இடத்துக்கு இடம் மாறும். ஆறட்டும் என்று காத்திருக்கும்போதே அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தெருநாய் என்றால் யாரிடம் கேட்பது? பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில், அரசுதான் முதன்மைப் பொறுப்பு என்று சொல்லி, பல் தடம் ஒன்றுக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்று கணக்குப் போட்டது. எத்தனை பல் என்று எழுதி வாங்கச் சொன்ன நர்ஸை அதைப் படித்தபோதுதான் மறுபடி நினைத்துக்கொண்டேன்.

என் விஷயம் கோர்ட்டு வரை போகவில்லை. வக்கீல் நோட்டீஸ், இரண்டு முறை பேச்சுவார்த்தை, அதோடு முடிந்தது. நாயைக் கொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் கட்டாமல் விடக் கூடாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளை இப்போது என் வீட்டுக்கே வந்து படிக்கிறாள். முதல் நாள் வந்தபோது என் காலைப் பார்த்துவிட்டு, “இன்னும் வலிக்குதா டீச்சர்?” என்று கேட்டாள். குளிர் நாட்களில் கொஞ்சம் இழுக்கும் என்றேன்.